குதிகால்

கிஷோர் பதினேழாவது தடவையாகச் செத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், விளக்கணைத்த அறையில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசிக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை, சந்தோஷம் என்றால் அதைவிடக் கிறுக்குத்தனம் வேறில்லை, ஏனென்றால் இந்தப் பிள்ளை ஜெயித்தால்தான் அவளுக்கு நல்லது, ஜெயிக்காவிட்டால் எட்டு மாதமாக அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கும், விளையாட்டின் அரக்கன் அடிப்பதற்கு முன் தயங்கும் அந்த ஒரு நிறுத்தத்தைத் திங்கட்கிழமை வெட்டி எறிந்துவிடுவார்கள். மூன்று பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம், மூவரில் ஒருவராவது வாசல்காவலனை வீழ்த்த வேண்டும், அதுதான் தனபாலோடு போட்ட ஒப்பந்தம். தனபால் கெட்டவரில்லை. இந்த விளையாட்டை வடிவமைப்பவர், நாளைக்கு இது விற்காவிட்டால் பதினோரு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று தூக்கத்திலும் யோசிக்கிற மனிதர். அவர் போட்ட சட்டம்தான் கதவுக்கு மேலே ஒட்டியிருந்தது: விளையாட்டைச் செய்தவர்கள் விளையாடுகிறவர்களிடம் பேசக்கூடாது. எது நடந்தாலும் சரி. கடைக்குப் போன பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அப்படி இல்லைங்க இப்படி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்பார், நியாயம்தான், அதனால் அவினாசி சாலையில் மோட்டார் பம்பு கடைக்கு மேலே இருக்கும் இந்த மூன்றாவது மாடியில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மங்கை வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையன் அவளுடைய தகப்பனிடம் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லை, வாசல்காவலன். மனசு இப்படித்தான், கொஞ்சம் அசந்தால் போதும், சொல்லக்கூடாததை முதலில் சொல்லிவிடும்.

"ப்ரோ, மன்னிச்சு விட்டுட்டான்னு நெனச்சேன் ப்ரோ," என்றான் கிஷோர். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டிருந்தார்கள், அவன் அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டான், வந்ததும் எவ்வளவு கஷ்டமான கேமா இருந்தாலும் ரெண்டு நாள்தான் ப்ரோ என்று சவடால் விட்டவன். இப்போது காதெல்லாம் சிவந்திருந்தது. வாசல்காவலன் இடிந்த கோட்டையின் வாசலில் நிற்கும் இரட்டை ஆள் உயரத்து அரக்கன், கையில் இரும்புத் தடி. தடியை ஓங்குவான். பார்க்கிறவன் பதறி உருண்டு விலகுவான். ஆனால் அவன் அடிக்கமாட்டான். தடியை மெல்ல இறக்குவான், முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வான், போய்த் தொலை என்று விட்டுவிட்டவன் போல மூச்சு விடுவான். உருண்டவன் எழுந்து நிற்பான், ஆசுவாசப்படுவான், ஒரு அடி முன்னால் வைப்பான். அப்போது விழும். பதினெட்டு. "இது ஏமாத்து வேலை ப்ரோ, ஒரு சைகை கூடக் குடுக்க மாட்டேங்கறான்." இருட்டில் தனபால் தலையை மங்கையின் பக்கம் திருப்பினார், கேட்டீங்களா என்பதுபோல. அவள் திரும்பவில்லை. சைகை இருக்கிறது. எட்டு மாதமாக அவள் சொல்வது அதுதான், இருக்குது தனபால், நல்லாப் பாருங்க. எங்கீங்க இருக்குது என்று அவர் ஒருநாள் பொறுமை இழந்து அசைவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார், கடைசியில் கண்டுபிடித்தார், அடிப்பதற்குச் சற்று முன் வலது குதிகால் தரையைவிட்டு விரற்கடை உயரம் எழும்புகிறது, மூன்று ஃப்ரேம், நொடிக்கு முப்பது என்றால் அதில் மூன்றே மூன்று. ஏனுங்க மங்கை, இத்தாப்பெரிய தடி மேல இருக்கையில எவனுங்க குதிகாலைப் பார்ப்பான் என்று அவர் கேட்டபோது அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை, எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள் என்று முப்பத்துமூன்று வயது வரைக்கும் நினைத்திருந்தாள்.

டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை வைத்திருந்தார்கள், விளையாடுகிறவரின் கருவிழி எங்கே போகிறதோ அந்த இடத்தில் இந்தப் பக்கத்துத் திரையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். கிஷோரின் புள்ளி தடியின் நுனியிலேயே கிடந்தது, தடி ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. நாற்பது நிமிடத்தில் அவன் முப்பத்தோரு தடவை செத்தான். வாசல்காவலனின் உயிரில் கால்வாசிகூடக் குறையவில்லை. எழுந்து போகும்போது ஹெட்போனை மேசைமேல் வீசாத குறையாக வைத்துவிட்டு, பரிசோதனைக்கு வந்தவர்களுக்கென்று கீழ் பேக்கரியிலிருந்து வாங்கி வைத்திருந்த முட்டை பப்ஸைத் தொடாமல் போனான். பாவம் என்று மங்கை நினைத்தாள். பாவம் என்று நினைத்த அந்த நொடியே இன்னொன்றும் தோன்றியது, கொடுத்துவைத்தவன். இருபத்தோரு வயதில் தலையை நிமிர்த்தி ஓங்கின கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவன் வீட்டில் யாரும் அவனைத் தலைகுனிந்து நிற்கச் சொல்லவில்லை. கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கிறது இல்லையா, ஒரு பிள்ளையின் அறியாமைமேல் பொறாமை.

அடுத்து வந்தவர் ரியாஸ், உக்கடத்தில் கேம் சென்டர் வைத்திருப்பவர், நிதானமான மனிதர், உட்காருவதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். தடி ஏறியது, இறங்கியது, விழுந்தது. "ம்," என்றார். மறுபடி விழுந்தது. "ம்." இவர் செய்துவிடுவார் என்று மங்கைக்கு நம்பிக்கை வந்தது, நம்பிக்கை வந்ததும் உள்ளங்கை வேர்த்தது, ஏசி அறையில் வேர்க்கிற கை அவளுக்கு மட்டும்தான், பாளையங்கோட்டை வீட்டில் முன்னறையில் மே மாத வெயிலிலும் இந்தக் கை சில்லிட்டுப்போய்த்தான் இருக்கும், சிவப்பு சிமெண்டுத் தரை, அதில் அப்பாவின் கால்கள். முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, செத்து ஆறு வருடம் ஆகிறது, போட்டோவைப் பார்த்தால் யாரோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல இருக்கிறது, ஆனால் கால் தெரியும். பித்தவெடிப்பு, வலது சுண்டுவிரலில் நகம் இல்லை, ஆபீஸிலிருந்து வந்து வேட்டி மாற்றியபின் கரண்டைக்கு மேலே சாக்ஸின் தடம். தல குனிஞ்சு நில்லுட்டி. நின்றாள். கை மேலே போவது தெரியும், பனியனுக்குள் காற்று போகிற சத்தம் கேட்கும், அப்புறம் ஒன்றும் நடக்காது. சரி போ, என்பார். போய்ப் படி. சில நாள் அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வருவார், தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் நிற்பாள், போகலாமா, போனால் ஏன் போனாய் என்று விழும், நின்றால் ஏன் நிற்கிறாய் என்று விழும், அந்த யோசனையில் தோள் லேசாகத் தளரும் பாருங்கள், அதுதான் அவருக்கு வேண்டியது. அந்த நேரத்தில் குதிகால் எழும். அதைப் பார்த்தால் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம், காதில் விழுவது கன்னத்தில் விழும். பெரிய லாபம். ஒன்பது வயதில் அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு உலகத்தின் சூத்திரமே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இதுல நியாயம் இல்லைங்க," என்றார் ரியாஸ், இருபத்திரண்டாவது சாவுக்குப் பிறகு, கோபம் இல்லாமல். "கை ஓங்குனா அடிக்கணும், இல்லாட்டி வுட்டறணும். வுட்டுட்டு அடிச்சா மனுசன் என்னதாங்க பண்ணுவான்?" மங்கைக்குக் கண் கரித்தது. எழுந்துபோய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, இதைத்தான் அண்ணே, இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள்கூட இல்லை என்று சொல்லவேண்டும்போல. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குத்தான் இந்த எட்டு மாதமும், கதை எழுதத் தெரியாது, அழவும் தெரியாது, உருவங்களை நடக்கவைக்கத் தெரியும், ஒரு அரக்கனை நடக்கவைத்தாள், ஊர் உலகத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் குதிகாலைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தாள், பார்த்துவிட்டால் அவள் பைத்தியமில்லை என்று ஆகிவிடும், அது நடந்தது என்று ஆகிவிடும். மற்றவர்கள் அந்த அரக்கனுக்குப் பெரியவர் என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். பெரியவரு எப்பிடி இருக்கறாருங்க மங்கை, இன்னிக்கி எத்தனை பேரைச் சாத்துனாரு. அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்கு அது இரும்புத் தடி வைத்திருக்கும் ஒரு பொம்மை.

ரியாஸும் வீழ்த்தாமலே போனார், மூன்றாவது ஆள் வரவில்லை. தொலைபேசினால் எடுக்கவில்லை. தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி முடிச்சுக்கலாங்களா என்று கேட்கப் போனபோது வரவேற்பில் இருக்கும் ரம்யா தலையை நீட்டினாள். அவளுடைய சித்தப்பா மகள் வந்திருக்கிறாளாம், டிபன் பாத்திரம் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், போனில் ஓயாமல் விளையாடுவாள், உட்காரவைக்கலாமா. பெயர் யுவஸ்ரீ. இருபத்துமூன்று வயது இருக்கலாம், கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு, சிங்காநல்லூரிலிருந்து வருகிறாள். "போன்லதானுங்க விளையாடுவேன், இதெல்லாம் புடிச்சதே இல்லைங்க," என்று அவள் தயங்குவதும், ரம்யா அவளை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்து, இது விலகறதுக்கு, இது அடிக்கறதுக்கு, அவ்வளவுதாம்புள்ள என்று இரண்டு பட்டன்களைக் காட்டிவிட்டுப் போவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. போச்சு என்று மங்கை நினைத்தாள். முப்பத்தொன்று, இருபத்திரண்டு, இந்தப் பெண் நூறு தடவை சாவாள். திங்கட்கிழமை எப்படி வெட்டுவது என்று மனசு அப்போதே திட்டம்போட ஆரம்பித்துவிட்டது, தடி ஏறும், உடனே விழும், எல்லா விளையாட்டிலும் எல்லா அரக்கனும் செய்வதுபோல. எல்லோருக்கும் தெரிந்த அரக்கன், நேர்மையான அரக்கன். நல்லதுதானே, எல்லோருக்கும் பிடிக்கும், அவளுக்கு மட்டும் ஏன் வீட்டிலிருந்து சவம் எடுத்துக்கொண்டு போவதுபோல இருக்க வேண்டும்.

தடி ஏறியது. யுவஸ்ரீ விலகவில்லை. தடி இறங்கியது, வாசல்காவலன் முகத்தைத் திருப்பினான், மூச்சு விட்டான். யுவஸ்ரீ அசையவில்லை. பிறகு பட்டனை அமுக்கினாள், ஒரே தடவை, அவசரமில்லாமல், தடி அவளுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் விழுந்து தூசி கிளப்பியது. தனபால் நாற்காலியில் நிமிர்ந்தார். குருட்டாம்போக்கு என்று மங்கை நினைத்தாள். மறுபடி ஏறியது, இறங்கியது, இந்தமுறை நீளமாகக் காத்திருந்தது, அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு தடவையும் மாறும்படி செய்திருந்தாள், ஏனென்றால் மாறும், தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நீளம். யுவஸ்ரீ விலகினாள். மறுபடியும் விலகினாள். "ஏனுங்க," என்று கிசுகிசுத்தார் தனபால், "எப்பிடிங்க இது?" அப்போதுதான் மங்கை இந்தப் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி தடியில் இல்லை. முகத்தில் இல்லை. திரையின் அடியில், தரையோடு தரையாக, வலது காலுக்குப் பின்னால், யாரோ ஆணி அடித்துவைத்ததுபோல நின்றது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்த முதல் நிமிடத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. மங்கையின் கை வாய்க்குப் போனது. எத்தனை வருடமாக இதற்கு ஆசைப்பட்டாள், ஒருவராவது பார்க்கவேண்டும் என்று, இதோ பார்த்துவிட்டாள் ஒருத்தி, துள்ளிக் குதிக்கவேண்டியதுதானே. குதிக்க முடியவில்லை. ஒருத்தியாவது பார்க்கவேண்டும் என்று அவள் இத்தனை நாள் வேண்டிக்கொண்டதற்கு என்ன அர்த்தம், ஒருத்தியாவது அப்படி நின்றிருக்கவேண்டும் என்பதுதானே, ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு தரையைப் பார்த்தபடி, இன்றைக்கும் நேற்றைக்கும். இவள் வேண்டிக்கொண்டதைச் சாமி கேட்டுக்கொண்டது போலும், மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண்ணை மேலே அனுப்பிவைத்தது.

மனதில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும் என்று யுவஸ்ரீயிடமும்தான் சொல்லியிருந்தார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட ஒலிவாங்கியில் ஏறவில்லை, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பத்து நிமிடம். பதினைந்து. ஒரு அடிகூட மேலே படவில்லை. கதவைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே வந்து இருட்டில் நின்றார்கள், ஒலி அமைப்பவர், நிரல் எழுதுபவர்கள், எவருக்கும் நம்பமுடியவில்லை. இருபத்தைந்து. பிறகு தனபால்தான் அதைக் கவனித்தார், மூலையில் இருக்கும் சின்ன எண்ணைக் காட்டினார். வாசல்காவலனின் உயிர் நூறுக்கு நூறு. இவள் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. தடி தரையில் விழுந்து அவன் குனிந்திருக்கும் அந்த இரண்டு நொடி முழுக்க அவள் வெட்டலாம், கிஷோர் அதற்குத்தான் முப்பத்தோரு தடவை உயிரைவிட்டான், இவள் அந்த இரண்டு நொடியும் சும்மா நின்றாள், அவன் நிமிர்ந்து மறுபடி ஓங்குவதற்காகக் காத்து நின்றாள். "அடி கண்ணு, அடி," என்று தனபால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார், "ஒரு பட்டன்தானே, அமுக்கேன்." அவருக்கு நிஜமாகவே அந்த நிறுத்தம் ஜெயிக்கவேண்டும் என்று இப்போது ஆசை வந்துவிட்டது, தோற்கத் தயாராகிவிட்டார், நல்ல மனிதர். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெண் அமுக்கினால் மங்கையின் எட்டு மாதம் பிழைக்கும்.

ஆனால் மங்கை இப்போது அதை நினைக்கவில்லை, அப்படிச் சொன்னால் பொய், நினைத்தாள், நினைத்துக்கொண்டேதான் மேசையில் இருந்த சிவப்பு பட்டனைப் பார்த்தாள், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரை எச்சரிக்க வைத்த பட்டன், அதை அமுக்கிப் பேசினால் ஹெட்போனில் கேட்கும், பேசினால் சட்டப்படி இந்தப் பரிசோதனையே செல்லாது, யுவஸ்ரீ விளையாடியது கணக்கில் வராது. பேசாவிட்டால் ஒருவேளை அவளாகவே அடிப்பாள். பேசாமல் இருப்பது மங்கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அம்மா அடுக்களையில் செய்தது அதுதான், அரிசி களைந்துகொண்டே இருப்பாள், களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைவாள், தண்ணீர் தெளிந்து அரைமணி ஆனபிறகும். அம்மாவுக்கும் ஏதோ ஒரு சட்டம் இருந்திருக்கும். மங்கை பட்டனை அமுக்கினாள். "யுவஸ்ரீ," என்றாள், அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது, "அவன் குனிஞ்சு இருக்கும்போது திருப்பி அடிங்க. அடிக்கலாம்."

பின்னால் யாரோ ஐயையோ என்றார்கள். தனபால் அவள் கையைப் பட்டனிலிருந்து எடுக்கப் போய், எடுக்காமல், "என்னங்க மங்கை இப்பிடிப் பண்ணிட்டீங்க," என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யுவஸ்ரீ ஒருகணம் விறைத்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, குதிகால் எழுந்தது, விலகினாள், அப்புறம்தான் பேசினாள், வந்ததிலிருந்து பேசிய முதல் பேச்சு. "அடிச்சா இன்னும் கோவம் வந்துருமுங்களே."

அது கேள்வியாகக்கூட இல்லை. மங்கையின் விரல் பட்டனிலேயே இருந்தது. வராது என்று சொல்லலாம், சொல்ல வாயெடுத்தாள், ஆனால் வரும். அதையும் அவள்தானே செய்தாள். உயிர் பாதிக்குக் கீழே போனால் வாசல்காவலன் மாறுவான், அப்புறம் நிறுத்தம் கிடையாது, தடியை இறக்குவதும் முகத்தைத் திருப்புவதும் கிடையாது, குதிகால் எழுவதும் கிடையாது, ஏறினால் விழும், விழுந்த வேகத்தில் மறுபடி ஏறும். அதை முதலில் காட்டியபோது செம எனர்ஜிங்க என்று அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பதினாறு வயதில் ஒருநாள் அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தது அரை நொடிகூட இருக்காது, அன்றைக்குப் பிறகு அவர் காத்திருப்பதை விட்டுவிட்டார். கல்லூரி விடுதிக்குப் போகிறவரை, இரண்டு வருடம். இந்தப் பெண் அந்தப் பகுதியைப் பார்த்ததே இல்லை, பார்க்காமலே தெரிந்து வைத்திருக்கிறாள். இவளிடமா பொய் சொல்வது.

"வரும்," என்றாள் மங்கை. "நிச்சயமா வரும். ஆனா அதுக்கப்புறமும் அடிச்சா, செத்துருவான்."

யுவஸ்ரீ சிரித்தாள். ஏளனமில்லை, சின்னப்பிள்ளை ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "கேமுலதானுங்க சாவான்," என்றாள்.

பிறகும் அவள் அடிக்கவில்லை. மீதி நேரம் முழுக்க அறையில் இருந்த அத்தனை பேரும் நின்றபடி அதைப் பார்த்தார்கள், தடி ஏறுவது, இறங்குவது, ஒரு பெண் தள்ளி நிற்பது. ஒலி அமைப்பவர் நடுவில் வெளியே போய்விட்டார். நாற்பதாவது நிமிடத்தில் திரை தானாக அணைந்தபோது யுவஸ்ரீ கைப்பிடியை மேசையில் ஓசைப்படாமல் வைத்து, ஹெட்போனின் வயரைச் சுற்றி அதன்மேல் வைத்து, சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "மணி ஒண்ணாயிருச்சுங்களா?" என்று யாருமில்லாத அறையைக் கேட்டாள். "ஒன்றரைக்கு அவரு சாப்பாட்டுக்கு வந்துருவாரு."

தனபால் பெருமூச்சு விட்டார். "நீங்க பேசிட்டீங்க, அதனால அந்தப் புள்ள கணக்குல வராதுங்க. வந்தாலும் அது ஜெயிக்கலை. நிறுத்தத்தை எடுத்தறலாங்களா?" எத்தனை கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு அவள் மேசையைத் தட்டியிருக்கிறாள். "எடுத்திருங்க," என்றாள், அவர் ஏன் என்று கேட்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், லிஃப்ட் வேலை செய்யவில்லை, படிக்கட்டில் யுவஸ்ரீயின் செருப்புச் சத்தம், முதல் திருப்பத்தில் பிடித்துவிட்டாள். யார் அடிக்கிறது என்று கேட்பதா, அதுதான் சொல்லிவிட்டாளே. கிளம்பி வந்துவிடு என்பதா, எங்கே வர, உங்களுக்கு எப்போது நின்றது என்று இவள் கேட்டால் என்ன பதில், நான் ஒன்றும் செய்யவில்லை, விடுதிக்குப் போனேன், அவர் செத்தார், அவ்வளவுதான் என்பதா.

"அடுத்த சனிக்கிழமையும் வாங்க," என்றாள் மங்கை. மூச்சு வாங்கியது. "இன்னும் டெஸ்ட் இருக்கு. எல்லா சனிக்கிழமையும் இருக்கு. நீங்க வரணும்." டெஸ்ட் எதுவும் இல்லை, இன்றோடு முடிந்துவிட்டது.

யுவஸ்ரீ இரண்டு படி கீழே நின்றபடி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள், பொய் என்று தெரிந்துகொண்டாள் என்றே தோன்றியது, ஏன் சொல்கிறாள் என்பதும் தெரிந்திருக்கலாம், அந்த முகத்தில் ஏதோ ஒன்று திறக்கப் பார்த்தது. பிறகு கீழே சாலையில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாருடையதோ. அவள் கைப்பையை மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

"அவருகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க்கா," என்றாள், இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கிப் போனாள்.